"சாப்பிட்டியா?" என்று கேட்டது தப்பா

கேள்வி நீளமாக இருந்தது. சுருக்கி இங்கே வைத்துவிட்டுப் பதிலுக்கு வருகிறேன்.

கேட்டவர் திருச்சிப் பக்கம் ஓர் ஆசிரியை. தம்பிக்கு 26 வயது, சென்னையில் ஐடி வேலை. போன மாதம் ஒரு ராத்திரி பதினொரு மணிக்குப் போன் செய்து, "அக்கா, எனக்குப் பொண்ணுங்க மேல அந்த மாதிரி ஈர்ப்பு வராது. பசங்க மேலதான். சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்" என்று சொல்லியிருக்கிறான். இவருக்கு வாயடைத்துப் போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "சரி, நீ சாப்பிட்டியா?" என்று கேட்டிருக்கிறார். அவன் "ம்" என்று சொல்லி வைத்துவிட்டான். அன்றிலிருந்து இவருக்குத் தூக்கமில்லை. நான் கேட்டது தப்பா? அவனுக்கு அங்கே துணைக்கு யார் இருக்கிறார்கள்? வீட்டில் பெண் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள், கல்யாணம் ஆனால் மாறிவிடுமா, டாக்டரிடம் காட்டலாமா? இப்படிப்பட்டவர்கள் கடைசிவரை நிம்மதியாக இருக்க முடியுமா? இவ்வளவுதான் கேள்வி.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. உங்கள் தம்பி சொன்னதை நானும் ஒரு காலத்தில் சொன்னவன்தான். இப்போது 45 வயது. பதினைந்து வருடத்துக்கு மேலாகச் சென்னையில் பால்புதுமையர் (பாலினத்திலோ பாலீர்ப்பிலோ பெரும்பான்மையிலிருந்து மாறுபட்டவர்கள்) ஆதரவுக் குழுக்களில் தன்னார்வலராகவும், பிறகு உளநல ஆலோசகராகவும் வேலை செய்கிறேன். அதனால் புத்தகத்தில் படித்ததும் பட்டதும் இந்தப் பதிலில் கலந்துதான் வரும்.

நீங்கள் கேட்டது தப்பில்லை. தப்பில்லை என்ன, நான் கேட்ட பதில்களிலேயே நல்ல பதில்களில் அது ஒன்று. அந்தப் போனைச் செய்வதற்கு முன் அவன் எத்தனை நாள் ஒத்திகை பார்த்திருப்பான் என்று உங்களுக்குத் தெரியாது. அக்கா அழுவாள், அக்கா கத்துவாள், அக்கா அப்பாவிடம் போனைக் கொடுப்பாள் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் பதில் தயார் செய்திருப்பான். நேற்றுவரை கேட்ட அதே கேள்வியை அதே குரலில் கேட்பாள் என்பதற்கு மட்டும் அவன் தயாராக இருந்திருக்க மாட்டான். அந்த "ம்"முக்கு அதுதான் காரணமாக இருக்கும்.

ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டீர்கள் என்பதும் தெரிகிறது. ஒரு மாதமாகப் பேசுகிறீர்கள், மழை, வேலை, அம்மாவின் சுகர் எல்லாம் பேசுகிறீர்கள், அந்த ஒன்றைத் தவிர. அவன் அதை எண்ணிக்கொண்டிருப்பான். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நிம்மதியாக இருக்க முடியுமா என்று கேட்டீர்கள். முடியும். ஆனால் என்ன செய்தால் முடியும், எது கெடுக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். தன்பாலீர்ப்பு நோயில்லை, உலக சுகாதார நிறுவனம் 1990இல் நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது, இந்திய மனநல மருத்துவர்கள் சங்கமும் 2018இல் இதையே தெளிவாகச் சொன்னது. அப்புறம் ஏன் பால்புதுமையரிடம் மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட அதிகம் காணப்படுகிறது? இலான் மேயர் என்ற ஆய்வாளர் 2003இல் இதற்கு ஒரு விளக்கம் வைத்தார். சிறுபான்மை அழுத்தம் என்று தமிழில் சொல்லலாம். அடி, வசவு போன்றவை ஒரு பக்கம். அதோடு, எப்போது அடி விழுமோ என்று எதிர்பார்த்துக்கொண்டே இருப்பதும், மறைத்துக்கொண்டே இருப்பதும், ஊர் சொல்வதைத் தானே நம்பத் தொடங்குவதும் ஆளைத் தேய்க்கிறது என்பதுதான் அதன் சாரம்.

இது ஒன்றும் பெரிய தத்துவம் இல்லை. ஆபீஸ் சாப்பாட்டு மேஜையைப் பாருங்கள். திங்கட்கிழமை. "வீக்எண்ட் என்ன பண்ணின?" என்று ஒருவர் சாதாரணமாகக் கேட்கிறார். மற்றவர்கள் யோசிக்காமல் பதில் சொல்கிறார்கள். உங்கள் தம்பி வாயில் சோறு இருக்கும்போதே கணக்குப் போட வேண்டும்: யாரோடு போனேன் என்று சொல்வது, எதை விடுவது, போன வாரம் என்ன சொன்னேன். தமிழ் இதில் எங்களுக்கு ஓர் உதவி செய்திருக்கிறது. "அவங்க" என்று ஒரு சொல் இருக்கிறது பாருங்கள், மரியாதைக்கு மரியாதை, ஆணா பெண்ணா என்று யாருக்கும் தெரியாது. "நாங்க படத்துக்குப் போனோம், அவங்களுக்குப் பிடிக்கல." என்னைப் போன்றவர்கள் பல வருடங்கள் அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே குடித்தனம் நடத்தியிருக்கிறோம். குடியிருக்கலாம்தான், ஆனால் இருபத்து நாலு மணி நேரமும் ஒரு காலைக் கதவில் முட்டுக்கொடுத்துக்கொண்டு குடியிருப்பது போல அது. அந்தக் களைப்புதான் உடம்பில் இறங்குகிறது.

இந்தக் களைப்பைக் குறைப்பதுதான் ஆதரவு. கொடி பிடிப்பது, ஊர்வலம் போவதெல்லாம் பிறகு. முட்டுக்கொடுக்காமல் காலை நீட்டி உட்கார எத்தனை இடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. அமெரிக்காவில் கெய்ட்லின் ரயன் தலைமையில் 2009இல் வெளியான ஓர் ஆய்வு, 21 முதல் 25 வயதுக்குட்பட்ட 224 பேரிடம், பதின்பருவத்தில் வீட்டார் எப்படி நடந்துகொண்டார்கள் என்று கேட்டது. வீட்டில் கடுமையாக நிராகரிக்கப்பட்டவர்கள், நிராகரிப்பு இல்லாத அல்லது குறைந்த வீடுகளில் வளர்ந்தவர்களைவிடத் தற்கொலைக்கு முயன்றிருக்கும் வாய்ப்பு 8.4 மடங்கு அதிகமாக இருந்தது. சின்ன ஆய்வுதான், நம் ஊரும் இல்லை. ஆனாலும் அந்தக் குழு பிறகு பெற்றோரிடம் சொல்லிவந்த விஷயம் எனக்குப் பிடிக்கும்: உங்கள் நம்பிக்கையை மாற்றிக்கொள்ள முடியாவிட்டால் பரவாயில்லை, நடத்தையை மாற்றிக்கொள்ளுங்கள். அடிக்காதீர்கள், வெளியே போ என்று சொல்லாதீர்கள், அவன் நண்பர்களை வீட்டுக்கு வரவேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

இதே போலத் திருநர் (பிறந்தபோது குறிக்கப்பட்ட பாலினத்தைத் தம்முடையதாக உணராதவர்கள்) இளைஞர்கள் 129 பேரிடம் அங்கே நடந்த இன்னொரு ஆய்வு, 2018. அவர்கள் தேர்ந்துகொண்ட பெயரால் வீடு, பள்ளி, வேலையிடம், நண்பர்கள் ஆகிய நான்கில் எத்தனை இடத்தில் கூப்பிடப்படுகிறார்கள் என்று பார்த்தது. கூடுதலாக ஓரிடத்தில் அந்தப் பெயர் புழங்கினாலே, தற்கொலை எண்ணம் 29 சதவீதம் குறைவாக இருந்தது. ஒரு பெயர். காசு செலவில்லை.

சரி, உங்கள் தம்பிக்குச் சென்னையில் யார் இருக்கிறார்கள்?

இருக்கிறார்கள். அவர்கள் எப்படி வந்தார்கள் என்ற கதை கொஞ்சம் விசித்திரமானது. இங்கே ஆண்களுக்கான முதல் கூடுமிடங்களைக் கொண்டுவந்தது உரிமைப் போராட்டம் இல்லை, எய்ட்ஸ் பயம். தொண்ணூறுகளில் எச்ஐவி தடுப்புக்குப் பணம் வந்தது. அந்தப் பணத்தில் சகோதரன் போன்ற அமைப்புகள் முளைத்தன. ஆணுறை கொடுப்பதும் பரிசோதனைக்கு அழைத்துப் போவதும்தான் கணக்கில் எழுதும் வேலை. ஆனால் அதற்காக வாடகைக்கு எடுத்த மாடி அறை இருந்ததே, டிராப்-இன் சென்டர் என்போம், அதில்தான் மற்ற எல்லாமே நடந்தது. நான் முதன்முதலில் போன அறையில் ஒரு கோரைப்பாய், சத்தம் போடும் ஃபேன், ஆளுயரக் கண்ணாடி ஒன்று. கண்ணாடிக்கு முன்னால்தான் எப்போதும் கூட்டம். மீன் மார்க்கெட்டில் வேலை பார்த்த ஒருவர் தினமும் சாயங்காலம் வந்து கண்ணுக்கு மை போட்டுக்கொண்டு, ஒரு மணி நேரம் உட்கார்ந்து அரட்டை அடித்து, மையைத் துடைத்துவிட்டு, மனைவி பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குப் போவார். திட்ட அறிக்கையில் அந்த ஒரு மணி நேரத்துக்குக் கட்டம் கிடையாது. அந்த மனிதர் அத்தனை வருடம் தாக்குப்பிடித்தது அந்த ஒரு மணி நேரத்தால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2003இல் ஒரு சின்ன மின்னஞ்சல் குழுவாகச் சென்னையில் ஆரம்பித்ததுதான் பிற்பாடு ஓரினம் என்ற அமைப்பு ஆனது. தன்னார்வலர்கள் நடத்துவது. தமிழிலும் ஆங்கிலத்திலும் தகவல், சட்டம், பெற்றோருக்கான கடிதங்கள் என்று நிறைய சேர்த்து வைத்திருக்கிறார்கள். 2009 முதல் ஜூன் மாதத்தில் சென்னையில் வானவில் பேரணியும் நடந்துவருகிறது. உங்கள் தம்பி இதில் எதற்கும் போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். போகவில்லை என்றால் நீங்கள் தள்ள வேண்டாம். முதல் தடவை அப்படி ஒரு கூட்டத்துக்குள் நுழைய எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. இரண்டு வாரம் எதிரே இருந்த டீக்கடையோடு திரும்பிவிட்டேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தக் கூட்டங்களில் எல்லோருக்கும் ஒரே வரவேற்பு கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஆங்கிலம் பேசுகிறவன் சீக்கிரம் ஒட்டிக்கொள்வான். விளாத்திகுளத்திலிருந்து வந்து டெலிவரி வேலை பார்க்கிற பையன் ஓரமாக உட்கார்ந்துவிட்டு அடுத்த முறை வரமாட்டான். சாதியும் செருப்போடு வாசலில் கழன்று விழுவதில்லை. தலித் திருநர் உரிமைக்காகப் பேசும் கிரேஸ் பானு போன்றவர்கள் இதைப் பல வருடமாகச் சொல்லிவருகிறார்கள். ஆதரவு கொடுக்க வந்த இடத்திலேயே ஒதுக்கப்பட்டால் அந்த அடி இரட்டிப்பாக விழும்.

இங்கே திருநங்கையரின் ஜமாத்தை, அதாவது அவர்கள் தங்களுக்குள் அமைத்துக்கொண்ட சமூகக் குடும்பத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உங்கள் தம்பிக்கு நேரடித் தொடர்பில்லைதான், ஆனாலும் சொந்தக் குடும்பம் கைவிட்டால் இன்னொரு குடும்பத்தை உண்டாக்குவது எப்படி என்பதில் இந்த ஊரில் அவர்களைவிட அனுபவசாலிகள் இல்லை. வீட்டை விட்டு வந்த ஒரு பதினெட்டு, இருபது வயதுப் பெண்ணை ஒரு மூத்தவர் ஜமாத்துப் பெரியவர்கள் முன்னிலையில் ரீத்து என்ற சேர்ப்புச் சடங்கு செய்து சேலாவாக, அதாவது மகளாக ஏற்றுக்கொள்கிறார். அந்த நிமிடத்திலிருந்து அவளுக்கு ஓர் அம்மா, அம்மாவின் குருவான நானி, அக்கா தங்கைகள், பெரியம்மா சின்னம்மா என்று ஒரு முழு வம்சமே கிடைத்துவிடும். பெரியவரைப் பார்த்தால் "பாம்படுத்தி" என்று வணங்க வேண்டும், அவர் வாழ்த்துவார். வெளியிலிருந்து பார்த்தால் வேடிக்கையாகத் தெரியலாம். நிர்வாணம் என்று அவர்கள் சொல்லும் அறுவை சிகிச்சை முடிந்த நாற்பது நாள் அந்த வீட்டில் ஒருநாள் இருந்து பார்த்தால் வேடிக்கை போய்விடும். வெந்நீர் வைப்பது ஒருத்தி, பத்தியச் சோறு பொங்குவது ஒருத்தி, ராத்திரி முனகினால் எழுந்திருப்பது ஒருத்தி. முடிவில் மஞ்சள் பூசிக் குளிப்பாட்டி, புதுச்சேலை கட்டி, பாலூற்றும் சடங்கு. பிரசவித்த மகளைப் பார்த்துக்கொள்வதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

சித்திரை மாதம் உளுந்தூர்பேட்டை பக்கம் கூவாகம் கூத்தாண்டவர் கோவிலில் தாலி கட்டி மறுநாள் அறுத்து ஒப்பாரி வைப்பதைத்தான் தொலைக்காட்சி காட்டுகிறது. அதற்கு முந்தைய நாட்களில் விழுப்புரம் லாட்ஜ்களில் நடப்பதைக் காட்டுவதில்லை. "போன வருஷம் வந்தாளே, சேலத்துக்காரி, எங்கே காணோம்?" என்று ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்வதுதான் அங்கே முக்கால்வாசி வேலை. விசாரிக்க ஆள் இருப்பது என்றால் அது.

ஜமாத்தை நான் கோவில் கட்டிக் கும்பிடவில்லை. சம்பாத்தியத்தில் குருவுக்குப் பங்கு உண்டு, விதி மீறினால் தண்டம் உண்டு, ஒரு குருவை விட்டு இன்னொரு குருவிடம் போவது லேசில் முடியாது. படித்து வேலைக்குப் போக நினைக்கும் இளைய தலைமுறை இதை எதிர்த்துப் பேசுகிறது. நியாயமான பேச்சுதான். ஆனால் அரசாங்கம் எட்டிப் பார்க்காத காலத்தில் சோறும் கூரையும் கொள்ளிக்கு ஆளும் கொடுத்தது அந்த அமைப்புதான். அரசு வந்தது 2008இல். திருநங்கைகளுக்கு நலவாரியம் அமைத்ததில் தமிழ்நாடுதான் நாட்டிலேயே முதல். அப்புறம் அடையாள அட்டை, அரசு மருத்துவமனையில் இலவச அறுவை சிகிச்சை, சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணமில்லாப் பயணம் என்று ஒவ்வொன்றாக வந்தது. இதில் திருநம்பிகளுக்கு, அதாவது பெண்ணென்று வளர்க்கப்பட்டுத் தம்மை ஆணாக உணர்கிறவர்களுக்கு, ஜமாத்தும் கிடையாது, நெடுநாள் அரசின் கவனமும் கிடையாது. பெண்ணை விரும்பும் பெண்களின் நிலை இன்னும் மோசம். ஆணுக்கு வெளியூர் வேலை, வாடகை அறை, ராத்திரி பதினொரு மணிக்கு மொட்டை மாடி, இதெல்லாம் இருக்கிறது. உங்கள் தம்பிக்குப் பதில் தங்கையாக இருந்திருந்தால் அந்தப் போனைச் செய்யத் தனியாக ஓரிடமாவது கிடைத்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

டாக்டர், கல்யாணம் பற்றிக் கேட்டீர்கள். இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. மாற்றுவதற்காக டாக்டரிடம் கூட்டிப்போகாதீர்கள். மாற்றிக்காட்டுகிறேன் என்று சொல்லும் டாக்டர் விதியை மீறுகிறார். 2021 ஜூன் 7ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இப்படிப்பட்ட மாற்றும் முயற்சிகளைத் தடை செய்தார். அடுத்த வருடம் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில்முறைக் குற்றமாக அறிவித்தது. அந்த வழக்கே நம் ஊர்க் கதைதான். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்துவிட்ட இரண்டு பெண்கள். பெற்றோர் காணவில்லை என்று போலீசில் புகார். போலீஸ் தேடி வர, பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனார்கள். நீதிபதி தனக்கு இந்த விஷயம் சரியாகத் தெரியாது என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து பாடம் கேட்டுக்கொண்டு வந்துதான் தீர்ப்பு எழுதினார். உங்களுக்கு ஒரு மாதமாகத் தெரியவில்லையே என்று நீங்கள் குற்ற உணர்ச்சியில் இருக்கிறீர்கள். நீதிபதிக்கே ஒரு வகுப்பு தேவைப்பட்டது. அந்த வழக்கின் தொடர்ச்சியாக 2022இல் போலீஸ் நடத்தை விதிகளில் 24-சி என்று ஒரு விதி சேர்ந்தது. பால்புதுமையரையோ அவர்களுக்காக வேலை செய்பவர்களையோ போலீசார் துன்புறுத்தக் கூடாது என்பது அது. எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், என்றைக்காவது உதவும்.

மனச்சோர்வு, தூக்கமின்மை, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் என்றால் அது வேறு விஷயம். அதற்கு டாக்டர் அவசியம் வேண்டும். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். உங்களுக்கே தூக்கமில்லை என்கிறீர்களே, நீங்களும் பேசலாம்.

கல்யாணம் பண்ணி வைத்தால் மாறாது. கல்யாணத்தால் மாறிய ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. கல்யாணத்தால் வீணாகிப்போன பெண்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். ஆலோசனை அறையில் எனக்கு எதிரே உட்கார்ந்து, "என்கிட்ட என்ன குறைன்னு எட்டு வருஷமா யோசிச்சுட்டு இருந்தேன் சார்" என்று சொன்ன பெண்ணை என்னால் மறக்க முடியாது. அவளுக்கு ஒரு குறையும் இல்லை. மாமியார் வீட்டில் அவளைக் குழந்தை இல்லாதவள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பெண் பார்க்கும் பேச்சு நடக்கும்போது உங்கள் அம்மாவுக்கு உண்மையைச் சொல்ல உங்களுக்கு உரிமையில்லை. ஆனால் "அவனுக்கு இப்ப வேண்டாமாம், நான் கேட்டுட்டேன், கொஞ்ச நாள் விடுங்க" என்று ஜாதகக் கட்டை வாங்கி பீரோவில் வைக்க மூத்த அக்காவுக்கு எல்லா உரிமையும் உண்டு. நேரம் வாங்கிக் கொடுப்பதும் ஆதரவுதான்.

அப்பா அம்மாவிடம் நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள். நல்லெண்ணத்தில்கூட வேண்டாம். யாரிடம், எப்போது, எந்த வார்த்தையில் என்பது முழுக்க அவன் கையில் இருக்க வேண்டும். அவனுக்கு நிலையான வேலை, சென்னையில் அவன் பெயரில் வாடகை ஒப்பந்தம், சான்றிதழ்கள் அவன் கையில். இவை இருக்கும்போது சொல்வது வேறு, இல்லாதபோது சொல்வது வேறு. கொடூரமாகத் தோன்றலாம், ஆனால் குடியாத்தம் பெண் ஒருவரை வீட்டில் பிடித்து வைத்து, அடித்து, "சரியாக" வேண்டும் என்று சடங்குகள் செய்த விவரமெல்லாம் 2025 மே மாதம் உயர் நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. அவரை மீட்கச் சொல்லி வழக்குப் போட்டவர் அவருடைய காதலி. நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் அந்தப் பெண் விரும்பியவரோடு போகலாம் என்று சொன்னதோடு, குடும்பம் என்பது திருமணத்தால் மட்டும் உண்டாவதில்லை, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்று எழுதினார்கள்.

தேர்ந்துகொண்ட குடும்பம் என்பது தீர்ப்பில் நன்றாக இருக்கிறது. ஆஸ்பத்திரி கவுண்டரில் எப்படி இருக்கிறது? 2019இல் என்னுடன் வாழ்பவருக்கு ராத்திரி ஒரு மணிக்கு அப்பெண்டிக்ஸ் வலி. பெரிய தனியார் மருத்துவமனை. கவுண்டரில் இருந்த பெண் தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: "பேஷண்டுக்கு நீங்க என்ன வேணும்?" தமிழில் அது எப்பேர்ப்பட்ட கேள்வி பாருங்கள். பன்னிரண்டு வருடம் ஒரே கூரையில் இருந்தவனுக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. "அண்ணன்" என்றேன். இரண்டு ஆதாரையும் வாங்கிப் பார்த்தார். அப்பா பெயர் வேறு வேறு. "பெரியப்பா பையன்" என்றேன். "கூடப் பொறந்தவங்க யாராவது வந்தா கையெழுத்து வாங்கிக்கலாம் சார்." விடிய விடிய அவர் தம்பிக்குப் போன் போட்டு, அவன் செங்கல்பட்டிலிருந்து பைக்கில் வந்து கையெழுத்துப் போட்டான். வயதுவந்த நோயாளி நினைவோடு இருந்தால் அவர் சம்மதமே சட்டப்படி போதும் என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் அங்கே நின்று சட்டம் பேசத் தெம்பில்லை.

2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒருபால் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்துவிட்டது. அதற்குப் பிறகு சின்னச் சின்னதாக சில கதவுகள் திறந்திருக்கின்றன. 2024இல் மத்திய அரசு, ஒருபால் இணையர்கள் சேர்ந்து வங்கிக் கணக்கு தொடங்கலாம், ஒருவரை ஒருவர் நாமினியாகப் போடலாம், ரேஷன் அட்டையில் ஒரே குடும்பமாகக் கருதலாம், நெருங்கிய உறவினர் இல்லாதபோது இறந்தவரின் உடலைப் பெற்றுக்கொள்ளலாம் என்று தெளிவுபடுத்தியது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மனநலச் சிகிச்சையில் முடிவெடுக்கத் தனக்குத் துணையாக, வயதுவந்த யாரை வேண்டுமானாலும் அவர் சம்மதத்தோடு நியமிக்கலாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், ரத்த உறவாக இருக்க வேண்டியதில்லை. அந்த வெள்ளைத்தாளில் உங்கள் தம்பி உங்கள் பெயரை எழுதலாம். "அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும்" என்று ஆபீஸ் படிவத்தில் இப்போது யார் பெயர் இருக்கிறது என்று அவனைக் கேட்டுப் பாருங்கள். கேட்பதே அவனுக்கு ஒரு சேதியாகப் போய்ச் சேரும்.

நான் யார் என்பதற்கான அந்தச் சொல்லை என் அம்மா இன்றுவரை சொன்னதில்லை. சொல்லமாட்டார் என்று நினைக்கிறேன். ஆனால் தீபாவளிக்குக் கும்பகோணத்திலிருந்து இரண்டு டப்பா வரும். ஒன்றில் என் பெயர். இன்னொன்றில், சர்க்கரை குறைவாகப் போட்டு, மேலே பேப்பர் ஒட்டி "அவருக்கு" என்று எழுதியிருக்கும். அவருக்குச் சுகர் என்று எப்போது தெரிந்துகொண்டார், யார் சொன்னது என்று எனக்கு இன்னும் தெரியாது. இது நடக்க ஒன்பது வருடம் ஆனது. நடுவில் மூன்று வருடம் பேச்சே இல்லை. உங்கள் வீட்டில் இன்னும் சீக்கிரம் நடக்கலாம், நடக்காமலும் போகலாம். அதை நம்பி அவன் வாழ்க்கையை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. அதுவரைக்கும் வீட்டிலிருந்து அவனுக்கு ஓர் ஆள் இருக்கிறது. நீங்கள்தான்.

பெரிதாக எதுவும் பேச வேண்டாம். படித்துத் தெரிந்துகொண்டதையெல்லாம் ஒப்பிக்க வேண்டாம். "நீ எப்படி இருந்தாலும் எனக்கு ஓகே" என்ற சினிமா வசனமும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அவன் அறையில் இருக்கும் நேரமாகப் பார்த்துக் கூப்பிடுங்கள். வழக்கம்போல "சாப்பிட்டியா?" என்று கேளுங்கள். "ம்" என்பான். அப்போது போனை வைக்காமல், அடுத்ததையும் கேளுங்கள்: "யாரோட சாப்பிட்ட?"